கேரியரில் உட்கார்ந்தவன்

வேர்வை முதலில் ரவிக்கையின் நடுமுதுகில்தான் அரும்பும், பிறகு மெல்லப் பரந்து ஒரு வெற்றிலை அளவுக்கு வரும், அதற்குள் கடைத்தெரு முக்கு தாண்டியிருக்கும், பின்னலின் நுனி இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தை வைத்தே அவள் எவ்வளவு வேகமாக மிதிக்கிறாள் என்று சொல்லிவிடுவேன், தோளுக்கு மேலே ஒரு துண்டு வானம், இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துண்டு சாலை, எதிரே வரும் பால்காரரின் பாதி முகம், என் உலகம் அவ்வளவுதான், மீதியை என் மனைவி தையல்நாயகியின் முதுகு மறைத்திருக்கும், வாய்க்கால் பாலத்தின் ஏற்றம் வந்ததும் அவள் கேட்காமலேயே நான் கேரியரிலிருந்து குதிப்பேன், கையில் செய்தித்தாளோடு பின்னாலேயே ஓடுவேன், பாலத்தின் உச்சியில் அவள் ஒரு கணம் வேகத்தைக் குறைப்பாள், ம், ஏறுங்க, என்பாள், ஏறி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து செய்தியைச் சத்தமாகப் படிக்கத் தொடங்குவேன். அந்த சைக்கிள் இப்போது எனக்குக் கீழே எங்கேயோ, விமானத்தின் வயிற்றில், அட்டைப்பெட்டிக்குள் சாய்ந்து கிடக்கிறது, நான் மேலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆயுள் முழுக்க என்னை அது கூட்டிக்கொண்டு போனது, இன்றைக்குத்தான் அதை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எனக்கு சைக்கிள் ஓட்ட வராது. நீச்சல் வராதவர்கள் இருக்கிறார்கள், பாட்டு வராதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, சைக்கிள் வராத ஆண்பிள்ளையை மட்டும் லால்குடி சும்மா விடாது, கல்யாணமான புதிதில் தையல் எனக்குக் கற்றுக்கொடுக்கத்தான் பார்த்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்தாள், நான் நேராகப் போய்த் தெருக்குழாயைக் கட்டிக்கொண்டேன், மறுநாளும் அதே குழாய், தெருவே அகலமாகக் கிடக்கும்போது அந்தக் குழாய் மட்டும் எப்படி என் எதிரே வந்து நின்றது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை, அவள் சைக்கிளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, விடுங்க, உங்களுக்குப் படிக்க வரும், எனக்கு ஓட்ட வரும், நான் ஓட்டுறேன் நீங்க படிங்க, என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான். அவள் கிராம சுகாதார செவிலியர், சுற்றுவட்டாரத்துக்கே நர்சம்மா, நான் கிளை நூலகத்தில் நூலகன், நூலகம் அவள் போகிற வழியில் இருந்தது, கேரியரில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நான் ஒருபக்கமாக உட்காருவேன், ஊர் பார்த்தது, ஊர் பார்க்காமல் இருக்குமா, டீக்கடை பெஞ்சே எழுந்து நின்று பார்த்தது, சார், டிக்கெட் எடுத்தாச்சா என்று ஒருத்தர், நர்சம்மா, ரைட், போலாம் என்று ஒருத்தர், மீன்காரம்மா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டே கேட்டாள், ஏம்மா, புருசன எங்க ஊசி போடவா கூட்டிட்டுப் போற, எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிடும், நான் இறங்கி நடந்துக்கிறேனே தையல், என்பேன், அவள் திரும்பாமலே, உக்காருங்க, பாக்குறவங்களுக்குக் கண்ணு வலிச்சா அவங்களே நிறுத்திக்குவாங்க, என்பாள். அவர்கள் நிறுத்தவே இல்லை, அவள் ஓய்வு பெறும் வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். புதன்கிழமை மட்டும் கேரியரில் என் இடத்தில் தடுப்பூசிப் பெட்டி ஏறிக்கொள்ளும், அன்றைக்கு எனக்கு நடராஜா சர்வீஸ், எனக்குப் பின்னால் புறப்பட்டவள் பாதி வழியிலேயே என்னைத் தாண்டிப் போவாள், அப்போதும் முதுகைத்தான் பார்ப்பேன், சாயங்காலம் நூலக முக்கில் திரும்பும்போது அவள் மணி அடிக்கமாட்டாள், பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுவாள், பின்சக்கரம் டிக்டிக்டிக் என்று பேசும், அது அவள் வழக்கம், எந்த முக்கு என்றாலும் அப்படித்தான், அந்தச் சத்தம் கேட்டு நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வெளியே வருவதற்குள் அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றிருப்பாள், இன்னைக்கு எத்தனை பேரு புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கல, என்பாள்.

முக்கில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுகிற அந்தப் பழக்கம்தான் நெதர்லாந்தில் அவளைக் கீழே தள்ளியது. எங்கள் மகள் நித்திலா அங்கே டெல்ஃப்ட் என்கிற ஊரில் இருக்கிறாள், அவள் பிரசவத்துக்காகத் தையல் முன்னால் போனாள், எனக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது, சொட்டு மருந்தெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர், அதனால் நான் பின்தங்கினேன், முதல் வாரம் போனில் தையல் பேசிய பேச்சு இருக்கிறதே, ஏங்க, இங்க கெழவிங்கல்லாம் சைக்கிள்ல போறாங்க, மழையில போறாங்க, கொழந்தைய முன்னாடி வச்சிட்டுப் போறாங்க, வாய்க்கா கூட இருக்குங்க, நம்ம ஊரக் கழுவித் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு, நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், அப்புறம் மாப்பிள்ளை யாரிடமோ ஒரு சைக்கிள் வாங்கி வந்தார், அந்த ஊர் சைக்கிள், குதிரை உயரம், கைப்பிடியில் பிரேக்கே கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்குமாம், எல்லாம் சொல்லித்தான் கொடுத்தார், சரி சரி என்றுதான் இவளும் ஏறியிருக்கிறாள், ஆனால் காலுக்கு யார் சொல்வது, முதல் முக்கு வந்ததும் கால் தன் வழக்கப்படி பின்னுக்குச் சுற்றியது, டிக்டிக் என்று பேச வேண்டிய சக்கரம் சட்டென்று செத்து நின்றது, இவள் சாலையில் விழுந்தாள். பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம், எத்தனையோ பேர் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டியவள், தன் காயத்துக்கு ஒரு வாரத்தில் வழி பண்ணிவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நித்திலாதான் சொன்னாள், அம்மா பாப்பாவக் குளிப்பாட்டுறாங்க, சமைக்கிறாங்க, அதோட சரிப்பா, மீதி நேரம் ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்காங்க, கைபிரேக் வச்சது சின்னதா வாங்கித் தர்றோம்னாலும் வேணாங்கிறாங்க, பேச்சே குறைஞ்சுபோச்சு. நான் தையலைக் கேட்டபோது, எனக்கு வயசாயிடுச்சுங்க, ஓட்டுறதெல்லாம் முடிஞ்சுபோச்சு, என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வயலும் சேறுமாகக் கிடந்த பாதையிலெல்லாம் ஐஸ் பெட்டியோடு போய்வந்தவள், மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஹேண்டில்பாருமாக என்னையும் சுமந்துகொண்டு போனவள், அவள் வாயிலிருந்து முடிந்துபோச்சு என்ற வார்த்தை வந்தது எனக்குப் பயமாக இருந்தது, இப்படியே விட்டால் வேறு யாரோ ஒருத்தி என் மனைவியின் பெயரில் திரும்பி வருவாள் என்று தோன்றியது. விழுந்தது வலிக்கவில்லை அவளுக்கு, சக்கரம் தன் பேச்சைக் கேட்காமல் போனதுதான் வலித்தது, அவள் பேச்சைக் கேட்கிற சக்கரம் நம் வீட்டு முற்றத்தில்தானே நிற்கிறது.

அதை அங்கே தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிள் கடைக்காரர் புது சைக்கிள் வந்த காலி அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, எந்த ஊருக்கு சார், என்று கேட்டார், சொன்னேன், ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார், அங்கேர்ந்து இங்க கொண்டு வந்தாலும் ஒரு அர்த்தம் இருக்கு சார், என்றார். தையலின் தங்கை பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை, அவள் அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள், குனிந்து உள்ளே பார்த்தாள், பெட்டி நல்லா பெருசா இருக்கே அத்தான், என்றாள், அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெட்டி காலி இடத்தோடு வெளியூர் போனதாகச் சரித்திரமே இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றினோம், ஹேண்டில்பாரைத் திருப்பிப் படுக்க வைத்தோம், டயரில் காற்றைப் பிடுங்கினோம், பெடலைக் கழற்ற நான் ஒரு பக்கம் முறுக்க அது இன்னும் இறுகியது, கடைக்காரர் வந்து எதிர்ப்பக்கம் முறுக்கியதும் கழன்றது, சீட்டுக்குக் கீழே இருக்கிற குழாயில் தையல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அப்படியே இருந்தது, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரிதான், தன் காலுக்குச் சரியான உயரம் இதுதான் என்று அடையாளத்துக்காக ஒட்டிவைத்தது, அழுக்கேறிப் பழுப்பாகியிருந்தது, அதை மட்டும் யாரும் தொடாதீங்க என்று சொன்னேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஹேண்டில்பாரின் இடுக்கில் இன்னும் இருந்தன. பூங்கோதையின் பைகள் வர ஆரம்பித்தன, கூழ்வடகம், சுண்டைக்காய் வற்றல், பிரசவித்தவளுக்கு என்று அங்காயப்பொடி, எடை தாங்காதும்மா, விமானத்துல ஏத்தமாட்டான், என்றேன், நீங்க போய் முடி வெட்டிட்டு வாங்க அத்தான், நான் பாத்துக்கிறேன், என்றாள், நான் திரும்பி வந்தபோது பெட்டி ஒட்டப்பட்டு, நைலான் கயிறு சுற்றப்பட்டு, மேலே மஞ்சள் தடவிக்கூட வைத்திருந்தது. எடை போட்டுட்டேன், கச்சிதமா இருக்கு, என்றாள். எல்லா வடகமும் உள்ளே போயும் கச்சிதமாக இருக்கிறதே, பெண் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சி விமான நிலையத்தில் அந்தப் பெட்டி வாசலில் நுழைந்ததிலிருந்து எனக்குத் தனி மரியாதை, டி.வி.யா சார் என்றார் ஒருவர், சாமி சிலையா என்றார் இன்னொருவர், சைக்கிள் என்றதும் வரிசையில் நின்ற அம்மா ஒருத்தி தன் பேரனிடம், பாரு, தாத்தா சைக்கிள் ரேஸுக்குப் போறாரு, என்றாள், நான் மறுக்கவில்லை, வாழ்க்கையில் முதல் முறையாக யாரோ என்னை சைக்கிள் ஓட்டுகிறவன் என்று நம்பியிருக்கிறார்கள், அதை ஏன் கெடுப்பானேன். கவுண்டரில் இருந்த பெண் தராசில் எடையைப் பார்த்தாள், சரியா இருக்கு சார், என்றாள், பிறகு என் டிக்கெட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், சார், தப்பா நினைக்காதீங்க, அங்க ஆளுக்கு ரெண்டு சைக்கிள் வச்சிருப்பாங்களாமே, இத எதுக்கு. என் சம்சாரம் இதுலதாம்மா ஓட்டுவா, என்றேன், அவள் உடையக்கூடியது என்று காட்டுகிற கண்ணாடி டம்ளர் படம் போட்ட ஸ்டிக்கரை எடுத்து, ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டியில் ஒட்டினாள். அந்த இரண்டாவது ஸ்டிக்கருக்காக அவள் நன்றாக இருக்க வேண்டும். பெட்டி போய்க்கொண்டிருக்கிறது, ஆட்கள் இருவர் தூக்கி ஒரு வண்டியில் வைக்கிறார்கள், கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், தலைகீழாக வைக்காதீங்கப்பா என்று என் வாய் தானாகச் சொல்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்குக் கேட்கும்.

மேகத்துக்கு மேலே தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, காலுக்குக் கீழே எதுவோ உருள்கிற சத்தம், அது என்ஜின்தான், எனக்குத் தெரியும், ஆனாலும் அது டிக்டிக்டிக் என்றுதான் கேட்கிறது, நான் கேரியரில் உட்கார்ந்திருக்கிறேன், அதன் கம்பிகள் துண்டையும் மீறித் தொடையில் கோடு போடுகின்றன, கீழே கடலா வாய்க்காலா தெரியவில்லை, தையல் மேகத்தின் மேல் மிதித்துக்கொண்டு போகிறாள், கையில் செய்தித்தாள் விரிந்து படபடக்கிறது, மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம் தையல், என்று படிக்கிறேன், நம்ம ஊருக்கு எப்ப வருமாம், என்கிறாள், வெங்காய விலை ஏறிவிட்டதாம், என்கிறேன், அது எப்ப இறங்குச்சு, என்கிறாள், எல்லாம் அவளே, அந்தக் குரலே, பின்னல் இடமும் வலமும் ஆடுகிறது, கறுப்பாக இருந்த பின்னல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நரைத்துக்கொண்டு போகிறது, பாலம் வருகிறது, ஏற்றம், நான் குதிக்க வேண்டும், கீழே பார்க்கிறேன், தரை இல்லை, தையல், இறங்கட்டுமா, என்று கேட்கிறேன், அவள் திரும்புகிறாள், திரும்பிய இடத்தில் முகம் இல்லை, அங்கேயும் முதுகுதான் இருக்கிறது, திடுக்கிட்டு விழித்தேன், பணிப்பெண் ஆரஞ்சுச் சாறா தண்ணீரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர், என்றேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன், சைக்கிள் ஓட்டும்போது தையலின் முகம் எப்படி இருக்கும் என்று, எனக்கு ஞாபகம் வரவில்லை, ஞாபகம் வராததற்குக் காரணம் மறதி இல்லை, நான் பார்த்ததே இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் மற்றவர்கள் பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன, என்னுடையது அங்கே வரவில்லை, பெரிய சாமான்களுக்குத் தனிக் கதவு இருக்கிறது என்றார்கள், அந்தக் கதவு திறந்து ஒரு நாயின் கூண்டு வந்தது, ஒரு குழந்தை வண்டி வந்தது, பிறகு ஒரு மூலை கிழிந்து, ஹேண்டில்பாரின் கறுப்பு ரப்பர் பிடி வெளியே நீட்டிக்கொண்டு, நம் பெட்டி, நான் அந்த ரப்பர் பிடியைப் பிடித்துக்கொண்டேன், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் கையைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தேன். மாப்பிள்ளை நண்பரின் வேனைக் கொண்டுவந்திருந்தார், வீட்டு வாசலில் தையல் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், ஒரு சுற்று இளைத்திருந்தாள், கண் எப்படி இருக்கு, சொட்டு மருந்து ஒழுங்கா விட்டீங்களா, என்றாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள், இது என்னங்க. நான் கத்தரிக்கோலை எடுத்து நைலான் கயிற்றை வெட்டினேன், முதலில் கூழ்வடகத்தின் வாசம் வந்தது, அப்புறம் சந்தனக் கீற்றோடு ஹேண்டில்பார். தையல் பாப்பாவை மகளிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், சீட்டுக் குழாயில் அந்தப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள், கூறு இருக்கா உங்களுக்கு, என்றாள், யாராச்சும் இந்த ஊருக்கு இதத் தூக்கிட்டு வருவாங்களா, என்றாள், ஸ்பேனர் எங்க, என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் தேவைப்படவில்லை, அவளே சக்கரத்தை மாட்டினாள், அவளே ஹேண்டில்பாரை நேராக்கினாள், பெடலை எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள், மறுபடி உதறினாள், என்னங்க, கேரியர் எங்க, என்றாள்.

கேரியர் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், அதே நீளத்துக்கு, அதே அகலத்துக்கு, ஒரு தகர டின் நிறைய வடகம் வந்திருந்தது, போன் போட்டோம், பூங்கோதை கொஞ்சமும் அசரவில்லை, ஆமா அத்தான், வெயிட்டு ஏறிடுச்சு, அந்த இரும்பக் கழட்டிட்டேன், பத்திரமா பரண்ல இருக்கு, அங்க கேரியர் கிடைக்காதா என்ன, கூழ்வடகம் கிடைக்குமா சொல்லுங்க. தையல் என் முகத்தைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், உங்கள இறக்கி விட்டுட்டு வடகத்த ஏத்தி அனுப்பிருக்கா, என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்தாள் சிரித்தாள், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், நித்திலா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அம்மா சிரிச்சு எவ்வளவு நாளாச்சுப்பா என்பதுபோல. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு அழுகைதான் வந்தது, சொல்வதில் என்ன வெட்கம், இவ்வளவு தூரம் அந்தக் கேரியரில் உட்கார்ந்துதான் நான் வந்திருந்தேன்.

டயருக்குக் காற்று அடித்து, வாய்க்கால் ஓரச் சாலைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம், தையல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள், ஏறவில்லை, ஒரு பாட்டி விர்ரென்று போனாள், கோட்டு போட்ட ஒருவர் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே வாழைப்பழம் தின்றபடி போனார், ஓர் இளைஞன் தன் பின்னால் ஒருத்தியை உட்கார வைத்துக்கொண்டு போனான், அதற்குப் பின்னாலேயே ஒரு பெண் தன் புருஷனை உட்கார வைத்துக்கொண்டு போனாள், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்துட்டேன்னா, என்றாள் தையல், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவள் அப்படிக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. நான் இருக்கேன்ல, என்றேன், குழாயில் போய் முட்டியவன் சொல்கிற பேச்சா அது, ஆனாலும் சொன்னேன், சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன், என்றைக்கோ அவள் எனக்குப் பிடித்த மாதிரி, ம், ஏறு, என்றேன், அந்தச் சொல் இதுவரை அவளுடையதாகவே இருந்தது, அவள் ஏறினாள், மிதித்தாள், நான் கூடவே ஓடினேன், கையில் செய்தித்தாள் மட்டும்தான் இல்லை, மூச்சு இரைத்தது, விட்டுறாதீங்க, என்றாள், விடல, என்றேன், விட்டுவிட்டேன். முதுகு போய்க்கொண்டிருந்தது, பின்னல் ஆடியது, நரைத்த பின்னல், ஆனால் அதே ஆட்டம், அது சிறிதாகிச் சிறிதாகிச் சாலை வளைகிற முக்கில் மறைந்தது, நான் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை, ஒரு வாத்து கத்தியது, அப்போது டிக்டிக்டிக்.

அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்து, நேராக, முன்பக்கமாக, புரை எடுத்த கண்ணால் நான் தையல்நாயகி சைக்கிள் ஓட்டுகிற முகத்தைப் பார்த்தேன், நாக்கு நுனியை உதட்டோரம் லேசாக நீட்டி, அதைப் பல்லால் கடித்துக்கொண்டு, புருவம் இரண்டையும் உயர்த்தி, சிலேட்டில் முதல் எழுத்து எழுதுகிற பிள்ளையின் முகத்தோடு, என் நர்சம்மா இப்படியா ஓட்டிக்கொண்டு போனாள் அந்தக் கடைத்தெருவில், ஒவ்வொரு நாளும், டீக்கடை பெஞ்சு எழுந்து நின்றது என்னைப் பார்த்துச் சிரிக்க என்றல்லவா நினைத்தேன், பால்காரர் பார்த்தார், மீன்காரம்மா பார்த்தாள், தடுப்பூசிக்குப் பயந்து ஓடிய குழந்தைகள் பார்த்தன, ஊரே பார்த்ததை நான் ஒருவன்தான் பார்க்கவில்லை, இங்கே யாருமே பார்க்கவில்லை, நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னங்க நடுரோட்டுல நின்னுட்டு அப்பிடிப் பாக்குறீங்க, ஓரமா நில்லுங்க, என்றாள், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தாள், கிட்டே வந்தபோது தெரிந்தது, வேர்வை முதலில் மேலுதட்டில்தான் அரும்பும் போலிருக்கிறது, இத்தனை காலம் எனக்குத் தெரியாது, அவள் நிற்கவில்லை, என்னைத் தாண்டிப் போனாள், மறுபடி முதுகு, மறுபடி பின்னல், நான் ஓரமாக நகர்ந்து நின்று, அவள் திரும்பி வரப்போகிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.